மூன்றாவது டப்பா

அத்தியாயம் 9

செத்தவன் கண்ணை மூடவில்லை. அதுதான் ரெண்டு நாளாகத் திருமலையைத் தூங்க விடவில்லை.

பொணம் பார்க்காதவன் இல்லை அவன். பதினாலு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஹைவேஸில் லாரி அடித்துக் கிடந்தவனையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுங்குவார்சத்திரத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பின் சீட்டில் சக்திகுமார் செத்தது வேறு தினுசு. இருபத்திநாலு வயசுப் பையன். கை வரவில்லை, கால் வரவில்லை, நாக்கு வரவில்லை. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. கண் மட்டும் உயிரோடு இருந்தது. கண்ணாடி வழியாகத் திருமலையையே பார்த்துக்கொண்டு வந்தது. நடக்கிறது எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே செத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் முன்னே தூத்துக்குடிப் பக்கம் வேலை பார்த்தவர். பார்த்ததும் சொல்லிவிட்டார், பேத்தை மீன் என்று. பயம் வந்தால் பலூன் மாதிரி ஊதிக்கொள்ளுமே, அந்த மீன்தான். வலையில் வந்தால் கடற்கரைக்காரன் தூக்கி எறிந்துவிடுவான். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கிற விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. முதலில் உதடு மரத்துப் போகும். அப்புறம் நாக்கு, கை, கால். கடைசியில் மூச்சு நின்றுவிடும். புத்தி மட்டும் கடைசிவரைக்கும் தெளிவாக இருக்கும். முறிவு மருந்து கிடையாது. நேரத்துக்குக் கொண்டுபோய் மிஷின் வைத்து மூச்சு விட வைத்தால் பிழைக்கலாம்.

இதைக் கேட்டதில் இருந்து திருமலை மணிக்கு நாலு தடவை உதட்டைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குக் காரணம் இருந்தது. அதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த மீன் சினை இருந்த டப்பாவைச் சக்திகுமார் ரூம் கதவில் கொண்டுபோய் மாட்டினவனே அவன்தான்.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, ஒரகடம் கூட்டுரோட்டில் ஒருத்தன் பைக்கை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, மூக்குவரைக்கும் துணி. டப்பா போட்ட ஒரு துணிப்பையைப் பின் சீட்டில் வைத்து, "சுங்குவார்சத்திரம், அம்மன் காம்பவுண்டு, ஆறாம் நம்பர் ரூம், இசக்கின்னு பையன். ஊர்லேர்ந்து வந்துது" என்றான். திருமலைக்கு இது புதுசு இல்லை. கம்பெனியில் வேலை பார்க்கிற தெற்கத்திப் பசங்களில் யாராவது லீவுக்கு ஊர் போய் வந்தால், கொண்டுவந்ததை ரூம் ரூமாகப் பிரித்து ஷேர் ஆட்டோவில் அனுப்புவார்கள். வாங்குகிறவன் யார் அனுப்பியது என்று கேட்க மாட்டான். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் போதும். திருமலை கதவைத் தட்டினான், உள்ளே பதில் இல்லை, கொக்கியில் மாட்டிவிட்டு வந்துவிட்டான்.

பை ஓரத்தில் எண்ணெய் கசிந்து விரலில் ஒட்டியிருந்தது. வாசனை நன்றாக இருந்தது. நக்கித் தொலைத்தான்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வெயிலில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவைப் போட்டுக்கொண்டு அவன் உதட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து சசிரேகா வந்தாள்.

சசிரேகாவுக்கு ஐம்பது வயசு. சுங்குவார்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். முக்கால்வாசி கல்யாண விசாரணை, மீதி கம்பெனிக்கு ஆள் எடுக்கும்போது நடத்தை விசாரணை. அவளுக்கு ஆபீஸ் வண்டி, உதவி ஆள், பேச்சுத் துணை எல்லாம் திருமலைதான். சக்திகுமாரோடு ஒரே ரூமில் இருந்த இசக்கியைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது; திங்கட்கிழமை அவன் தங்கச்சி இசக்கிசெல்வி மாடிப்படியில் உட்கார்ந்து அழுது, "எங்கண்ணன் கொலகாரன் இல்ல மேடம்" என்று சொன்னபோது, இந்தக் கேஸ் வேண்டாம் என்று திருமலை கண்ணைக் காட்டினான். சசிரேகா அதைப் பார்க்கவே இல்லை.

"இன்னாடா, உதட்டுக்கு லிப்ஸ்டிக் போடறியா?"

"கொசு கடிச்சிச்சுக்கா. எஸ்.ஐ. இன்னா சொல்றாரு?"

"மூணு மணிக்குக் கோர்ட்டுக்கு இட்டுக்கினு போறாங்க. ரிமாண்டுன்னு உள்ள போயிட்டா அப்புறம் வருஷக் கணக்கு." சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "எஸ்.ஐ. ரொம்ப உஷாரா பேசறாரு. இசக்கி கடற்கரைக்காரன், எந்த மீன் கொல்லும்னு அவனுக்குத் தெரியும். சினை இருந்தது கம்பெனி டப்பா, அது அவன் டப்பாதான். அவனே வறுத்து, தான் ஒரு துண்டுகூட வாயில வைக்காம, மொத்தத்தையும் சக்திகுமாருக்குப் போட்டிருக்கான். ஏன் நீ திங்கலன்னா முருகனுக்கு விரதம்கிறானாம். எஸ்.ஐ. வூட்டுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்காரு. கிருத்திகை பத்து நாள் முன்னாடியே போயிருச்சாம்."

"அந்தப் பையன் இன்னா சொல்றான்?"

"கதவுக் கொக்கியில யாரோ மாட்டிட்டுப் போயிருந்தாங்கன்றான். யாருன்னு தெரியாதாம்."

கிண்டல் பண்ணாவிட்டால் அவள் சந்தேகப்படுவாள் என்று திருமலைக்குத் தோன்றியது. "பேய் வந்து மாட்டிக்கீதுக்கா."

"பேய்க்கு ஏதுடா டப்பா? வண்டிய எடு. ரூமைப் பாக்கணும்."

அம்மன் காம்பவுண்டு என்பது நெல் விளைந்த நிலத்தில் ஷீட் போட்டுக் கட்டிய பத்து ரூம். ஒவ்வொன்றிலும் ரெண்டு பேர், மூணு பேர். ஷிப்டு மாறி மாறிப் போவதால் எப்போது பார்த்தாலும் பாதி ரூமில் ஆள் தூங்கிக்கொண்டிருப்பான், பாதி ரூம் பூட்டியிருக்கும். பக்கத்து ரூமில் யார் வந்தான் போனான் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரனுக்கும் தெரியாது, அவனுக்கு ஒண்ணாம் தேதி மட்டும்தான் தெரியும்.

ஆறாம் நம்பர் கதவைத் திறந்ததும் திருமலை கொக்கியைப் பார்க்காமல் உள்ளே போனான். கொக்கியும் அவனைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

ரெண்டு பாய். ஒரு கேஸ் அடுப்பு. கயிற்றில் ரெண்டு பேரின் சாம்பல் நிற யூனிபார்ம். செத்தவன் சட்டை எது, உள்ளே இருக்கிறவன் சட்டை எது என்று தெரியவில்லை. ஷெல்பில் எவர்சில்வர் டப்பா ரெண்டு, மூடியில் கம்பெனி பேர்.

"இது இன்னா?" என்றாள் சசிரேகா.

"ஆயுத பூஜைக்குக் குடுக்கறதுக்கா. சம்பளத்த ஏத்துன்னு வாயத் தொறக்கக் கூடாதுல்ல, அதுக்கோசரம் மூடி போட்ட டப்பா."

"ஒரு ஆளுக்கு எத்தினி?"

"ஒண்ணுதான். மேனேஜருக்கே ஒண்ணுதான், கேள்விப்பட்டுக்கீறேன்."

சசிரேகா ஒரு டப்பாவைக் கவிழ்த்தாள். அடியில் ஆணியால் கீறியிருந்தது: இசக்கி. இன்னொன்றைக் கவிழ்த்தாள்: சக்தி. இதிலே ஆச்சரியம் இல்லை. எல்லா டப்பாவும் ஒரே அச்சு, பேர் கீறாவிட்டால் கேன்டீனில் ஒருத்தன் சோற்றை இன்னொருத்தன் தின்றுவிடுவான்.

"ரூம்ல எத்தினி பேருடா?"

"ரெண்டு."

"ஷெல்ப்ல ரெண்டு டப்பா கீது. ஸ்டேஷன்ல ஒரு டப்பா கீது. இவன் டப்பாதான்னு எஸ்.ஐ. எழுதி வச்சிருக்கிற டப்பா. கூட்டு."

"மூணு," என்றான் திருமலை.

"இசக்கி பொய் சொல்லல. வெளியிலேர்ந்து ஒரு டப்பா வந்துக்கீது. அந்தக் கம்பெனி ஆள் ஒருத்தன் டப்பா இப்ப அவன் வூட்ல இல்ல." சசிரேகா வாசலுக்குப் போய்க் கொக்கியை விரலால் ஆட்டினாள். "எவனோ கொண்டாந்து மாட்டியிருக்கான். அனுப்பினவனே வந்திருக்க மாட்டான், மூஞ்சி தெரிஞ்சிரும். எவனையோ அனுப்பியிருக்கான். டேய், எல்லா ஸ்டாண்டுலயும் விசாரி. இங்க இருந்து ஒரகடம் வரைக்கும் ஒரு ஆட்டோ விடாத. அந்த நாய் கிடைச்சுதுன்னா இந்தப் பையன் வெளிய வந்துருவான்."

"விசாரிக்கிறேன்க்கா," என்றான் அந்த நாய்.

இப்பவே சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? விஷத்தைக் கொண்டுவந்தவன் நீ, யார் கொடுத்தான் சொல் என்பார்கள். ஹெல்மெட் என்றால் சிரிப்பார்கள். ஏழைப்பட்டவன் சொன்ன உண்மையை வைத்து அவனையே உள்ளே போட்ட கதை அவனுக்கு எத்தனையோ தெரியும். இசக்கியே ஒரு கதைதானே. யார் கொண்டுவந்தது என்று தெரியாது என்று உள்ளதைச் சொன்னான், மூணு மணிக்குக் கோர்ட்டு.

சசிரேகா சுவர் ஓரம் நின்றுவிட்டாள். திருச்செந்தூர் முருகன் படம். கீழே விபூதித் தட்டு. பக்கத்தில் தினமும் கிழிக்கிற காலண்டர். கிழிக்க ஆள் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றிருந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றி அந்தத் தாளைப் படித்தாள். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை.

"டேய் திருமலை. உங்க வூட்ல முருகனுக்கு எப்ப கவிச்சி திங்க மாட்டீங்க?"

"கிருத்திகைக்குத்தான். வேற எப்ப?"

"எங்க வூட்லயும் அதான். எஸ்.ஐ. வூட்லயும் அதான்." தாளைத் தட்டினாள். "இதுல சஷ்டின்னு போட்டிருக்கு."

அந்த நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. இசக்கிசெல்வி நின்றுகொண்டிருந்தாள். அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவள். அண்ணனுக்குக் கோர்ட்டுக்குப் போட ஒரு நல்ல சட்டை எடுக்க வந்திருந்தாள்.

"ஏம்மா," என்றாள் சசிரேகா, "உங்கண்ணன் சஷ்டிக்கு விரதமா?"

"மாசா மாசம் மேடம். நாங்க உடன்குடிப் பக்கம்லா, திருச்செந்தூரு பக்கத்துல. சஷ்டின்னா அவன் பச்சத் தண்ணிதான். மீனக் கண்ணால பாக்க மாட்டான். போலீஸ்லயும் சொல்லிருக்கான், நம்பலயாம்."

"அப்ப வந்த மீனை..."

"கூட இருக்கவனுக்குக் குடுத்திருவான். சக்தியண்ணன் எங்க அண்ணனுக்கு உசுரு மேடம். சினைன்னா சக்தியண்ணனுக்கு அவ்ளோ புடிக்கும், மொத்தத்தையும் போட்டுருக்கான்."

திருமலைக்கு இப்போதுதான் உறைத்தது. சக்திகுமாரை யாரும் கொல்ல நினைக்கவில்லை. டப்பா இசக்கி பேருக்கு வந்தது, இசக்கிக்காகத்தான் வந்தது. செத்திருக்க வேண்டியவன் சாகவில்லை. அனுப்பினவனுக்கு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

"உங்கண்ணன் செத்தா யாருக்கும்மா நல்லது?" சசிரேகா சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

அந்தப் பெண் சட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். "பிரஸ் மிஷின்ல கை போனா தானா நிக்கதுக்கு ஒரு லைட்டு உண்டு மேடம். டார்கெட்டு முடியலன்னு அதுக்கு வயரு குடுத்து ஏமாத்தி வச்சிட்டாவ, இப்ப கை போனாலும் நிக்காது. போன மாசம் ஷாரோன்னு ஒரு பையனுக்கு நாலு விரலு போயிட்டு. தூக்கத்துல கைய விட்டான்னு எழுதிட்டாவ. எங்கண்ணன் அந்த வயர வீடியோ எடுத்து வச்சிருக்கான். நாளைக்கு லேபர் ஆபீஸ்ல விசாரண. அவந்தான் சாட்சி."

"வயர் போடச் சொன்னது யாரு?"

"அது தெரியாது மேடம். லைனு முழுக்க எழிலரசன் சாருக்குக் கீழதான். காண்ட்ராக்ட் ஆளுக்கெல்லாம் சூப்பர்வைசர். ஆனா நல்ல மனுசன். கேன்டீன்ல எங்கண்ணன்கூட உக்காந்து ஊர்க் கத எல்லாம் கேப்பாவ. பேத்தை மீனு ஊதுறத எங்கண்ணன் கன்னத்த உப்பிக் காட்டுவான், அவரு விழுந்து விழுந்து சிரிப்பாவ. எது விஷம், தலையா சினையான்னு கேப்பாவ."

"கேப்பாரு," என்றாள் சசிரேகா மெதுவாக.

"போன வாரங்கூட என்கிட்ட, உங்கண்ணன் முருக பக்தனாச்சே, கிருத்திகைக்கு மீன் தொட மாட்டான்லன்னு கேட்டாவ. முடிஞ்சு போச்சு சார்னேன். அப்ப சரின்னாவ."

கிருத்திகை போகட்டும் என்று காத்திருந்து அனுப்பியிருக்கிறான். இந்தப் பக்கத்துக் கணக்குப் போட்டுத் தெற்கத்தியானைக் கொல்லப் பார்த்தவன். சஷ்டி அவன் கணக்கில் இல்லை.

"இப்ப அந்த ஆள் எங்க?"

"ஸ்டேஷனுக்குப் போயிருக்காவ மேடம். இப்பதான் போன் பண்ணுனாவ. உங்கண்ணன் பட்டினியா கெடக்கான், மீன் கொழம்புச் சாப்பாடு வாங்கிட்டுப் போறேன், நீ அழாதன்னு..."

அவள் முடிப்பதற்குள் மூணு பேரும் ஆட்டோவுக்கு ஓடினார்கள்.

ஸ்டேஷனுக்கு எட்டு கிலோமீட்டர். கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, கார் ஏற்றின டிரெய்லர் எல்லாம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. திருமலை ஆட்டோவை மண்ணில் இறக்கினான், ஏற்றினான், மறுபடி இறக்கினான். பின்னால் சசிரேகா எஸ்.ஐ.க்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. ஸ்டேஷன் நம்பர் பிசி. இசக்கிசெல்வி சத்தம் போடாமல் அழுதாள். சத்தம் போட்டு அழுதிருந்தால் திருமலைக்குத் தேவலையாக இருந்திருக்கும். கண்ணாடியில் பார்க்கப் பயமாக இருந்தது. சக்திகுமார் சாய்ந்திருந்த இடத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இசக்கி அந்த ஸ்டேஷனில் இருக்க மாட்டான். இந்தச் சாப்பாடும் அவனைத் தேடிப் போயிருக்காது.

"அக்கா," என்றான்.

"இன்னாடா?"

லாரி ஹாரன் அடித்தது. "ஒண்ணுமில்லக்கா. ஹேண்டிலைப் புடிச்சிக்கோ."

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு இருக்கும், சந்தன நிறச் சட்டை, நெற்றியில் குங்குமம். மேசை மேல் ஓட்டல் பார்சல் பிரித்திருந்தது. பக்கத்தில் பெஞ்சில் இசக்கி, ஒல்லியாக, கண் வீங்கி, சோற்றில் கை வைத்திருந்தான்.

திருமலை யோசிக்கவில்லை. பாய்ந்து போய் பார்சலை இலையோடு வாரி நெஞ்சில் அணைத்துக்கொண்டான். சூடான குழம்பு சட்டையில் வழிந்தது. "துப்புடா! வாயில இருக்கறதத் துப்பு!"

"நான் இன்னும் திங்கலண்ணே," என்றான் இசக்கி மிரண்டுபோய்.

"யோவ், எவன்யா நீ?" எஸ்.ஐ. எழுந்துவிட்டார்.

"சார், இதுல விஷம் கீது சார். இந்தாளு கொண்டாந்தது. அவனையே ஒரு வாய் திங்கச் சொல்லு சார், பாப்போம்!"

சந்தனச் சட்டைக்காரன் சிரித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, கையை நீட்டிப் பார்சலை வாங்கினான். ஒரு பிடி சோறு. இன்னொரு பிடி. மீன் துண்டை முள் பார்த்து எடுத்து முழுசாகத் தின்றான். தண்ணீர் குடித்தான். ஏப்பம் விட்டான்.

"பஸ் ஸ்டாண்ட் ஓட்டல் சாப்பாடு சார். உப்புதான் ஒரு கல் கம்மி," என்றான் எழிலரசன்.

திருமலை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தோற்றுப்போனது அதற்குக் காரணம் இல்லை. அந்தக் குரல். துணிக்குப் பின்னால் இருந்து கேட்ட குரலா இது? ஆமாம் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. அவன் எழிலரசன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எஸ்.ஐ. சசிரேகாவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, காலையில அவ்ளோ சொன்னேன். இப்ப ஆட்டோக்காரனை இட்டாந்து டிராமா போடறியா?"

"போடல சார். ரெண்டே விஷயம்." சசிரேகா விடவில்லை. "அந்த ரூம்ல அவங்க ரெண்டு பேர் டப்பாவும் பேர் கீறிப் பத்திரமா கீது. நீங்க புடிச்சது மூணாவது டப்பா. அடியில பேர் இருக்கான்னு பாருங்க, இருக்காது. அது வெளியிலேர்ந்து வந்தது. அப்புறம், ஞாயித்துக்கிழமை சஷ்டி. அவங்க பக்கம் அதுக்குத்தான் விரதம். டப்பா இந்தப் பையனைக் கொல்ல வந்தது சார். அனுப்பினவன் கிருத்திகைய மட்டும் பாத்துக்கினு, சஷ்டிய மறந்துட்டான்."

எஸ்.ஐ. அலமாரியைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தார். பிளாஸ்டிக் கவரோடு கவிழ்த்தார். அடி வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"சரி. வெளியிலேர்ந்து வந்ததுன்னே வச்சுக்கறேன். யார் அனுப்பினான்? காத்துல வந்துதா?"

எழிலரசன் திருமலையைப் பார்த்தான். திருமலை கண்ணை எடுக்காமல் அவன் வாயையே பார்ப்பதைப் பார்த்தான். நெற்றியில் குங்குமம் வேர்வையில் கரைய ஆரம்பித்தது.

"சார்," என்றான் சட்டென்று. "நான் சொல்ல வேணாம்னு பாத்தேன். இந்த ஆட்டோக்காரனைக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை அந்த டப்பாவக் கொண்டுபோய் ரூம் கதவுல மாட்டினது இவன்தான். இப்ப நல்லவனாட்டம் துள்றான். புடிச்சுப் போட்டு ரெண்டு தட்டுத் தட்டுங்க, எல்லாம் வரும்."

ஸ்டேஷன் மொத்தமும் திருமலை பக்கம் திரும்பியது.

"இன்னாய்யா? நெசமா?" என்றார் எஸ்.ஐ.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழிலரசன் எதையோ உளறுகிறான் என்று ஆகிவிடும். பார்த்தவன் யாரும் இல்லை. ஆமாம் என்றால் அந்தக் கம்பிக் கதவு. திருமலைக்கு வீட்டில் ரெண்டு பெண் குழந்தைகள். உதடு இப்போது நிஜமாகவே மரத்துப் போயிருந்தது.

பெஞ்சில் இருந்த இசக்கி அவனைப் பார்த்தான். கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. யாராவது ஒருத்தன் நம்புவான் என்பதையே விட்டுவிட்டவன் பார்க்கிற பார்வை.

"ஆமா சார்," என்றான் திருமலை. "நான்தான் மாட்டினேன். ஒரகடத்துல ஹெல்மெட் போட்ட ஆள் ஒருத்தன் குடுத்தான். உள்ள இன்னா இருந்துதுன்னு எனக்குத் தெரியாது. பயந்துகினு ரெண்டு நாளா சொல்லல."

சசிரேகா அவனைப் பார்த்த பார்வைக்கு ரெண்டு தட்டு எவ்வளவோ மேல். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எழிலரசன் கால் மேல் கால் போட்டான்.

சசிரேகாதான் முதலில் கேட்டாள். "யாராண்டையாவது சொன்னியா இத?"

"இல்லக்கா."

"என்னாண்டயும் சொல்லல."

"உன்னாண்டயும் சொல்லல. என் பொண்டாட்டியாண்டயும் சொல்லல. யாருக்கும் தெரியாது."

"மாட்டும்போது காம்பவுண்டுல யார்னா பாத்தாங்களா?"

"ஒரு ஈ, காக்கா இல்லக்கா. எல்லாம் தூக்கம்."

"இசக்கி, உனக்குத் தெரியுமா?"

"கதவத் தொறந்தப்ப பையி தொங்குச்சு. யாரு மாட்டுனான்னு தெரியாது மேடம். இந்த அண்ணன் ஆஸ்பத்திரிக்கி வண்டி ஓட்டுனாவன்னுதான் தெரியும்."

சசிரேகா நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இவன் மாட்டினது உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும் சார். ஒருத்தன் இவன். இன்னொருத்தன் இவன் கையில குடுத்தவன்." திரும்பினாள். "எழிலரசன் சார், உங்களுக்கு யார் சொன்னது?"

கால் மேல் இருந்த கால் கீழே இறங்கியது.

"எங்க... எங்க லைன் பசங்க பாத்தாங்க."

எஸ்.ஐ. பேனா மூடியைக் கழற்றினார். "எந்தப் பையன்? பேரு சொல்லு. இங்கேயே வரவழைக்கிறேன்."

"நானே பாத்தேன் சார், வழியில போகும்போது."

"இப்பதான பசங்கன்ன?" எஸ்.ஐ. குரல் மாறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை லீவு. உன் வூடு ஒரகடம். சுங்குவார்சத்திரத்துல காம்பவுண்டுக்கு உள்ள இருக்கற ரூம் கொக்கியை வழியில எப்படிய்யா பாத்த? கொலை நடந்து மூணாம் நாளு, டப்பாவக் கொண்டாந்தவன் யாருன்னு தெரிஞ்சுக்கினு, என் எதிர்லயே இவ்ளோ நேரம் சோறு வச்சிக்கினு உக்காந்திருந்த. ஏன் சொல்லல?"

எழிலரசன் வாசலைப் பார்த்தான். வாசலில் கான்ஸ்டபிள் வந்து நின்றார்.

"போனை எடுத்து மேசை மேல வை," என்றார் எஸ்.ஐ. "ஆயுத பூஜைக்குக் குடுத்த உன் டப்பா எங்கன்னு உன் வூட்ல இப்பவே கேக்கறேன். இருந்துதுன்னா நீ போலாம்."

எழிலரசன் போனை வைத்த கை மேசையை விட்டு எழவில்லை. டப்பா வீட்டில் இருக்கிறது என்று அவன் சொல்லவே இல்லை.

கோர்ட்டுக்குப் போகிற ஜீப் வாசலில் வந்து நின்றபோது எஸ்.ஐ. திருப்பி அனுப்பிவிட்டார். இசக்கியிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும் என்றார். போலீஸ்காரன் தப்பு பண்ணினால் மன்னிப்பு கேட்க மாட்டான், டீ வாங்கித் தருவான். இசக்கிக்கு டீ வந்தது. அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சக்தி வீட்டுக்கு யார் தகவல் சொன்னது என்று தங்கச்சியிடம் கேட்டான்.

இசக்கிசெல்வி திருமலைக்கு எதிரே வந்து நின்றாள். அவன் சட்டையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

"நேத்துல இருந்து எங்கூடத்தான் சுத்துனீய," என்றாள். "நான் அழுதப்ப தண்ணி வாங்கிக் குடுத்தீய."

"ஆமாம்மா."

அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எஸ்.ஐ. ஒரு வெள்ளைத் தாளைத் திருமலை பக்கம் தள்ளினார். "நீ சாட்சியா கூட்டாளியான்னு நான் முடிவு பண்ண முடியாது. மேல பேசணும். இன்னிக்கு நீ எங்கயும் போவாத. அந்தப் பக்கம் உக்காரு."

திருமலை எழுந்தான். சசிரேகா இவ்வளவு நேரம் அவனைத் திட்டவில்லை. அதுவே அவனுக்கு எழிலரசனைவிடப் பயமாக இருந்தது. அவள் பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவியக் குடு. வண்டிய வெயில்ல விட முடியாது. உன் வூட்ல போய் விட்டுட்டு, பொண்டாட்டியாண்ட நானே சொல்லிக்கறேன்."

"உனக்கு ஆட்டோ கியர் போடத் தெரியாதேக்கா."

"நீ வெளிய வர்றதுக்குள்ள கத்துக்குவேன்," என்றாள் சசிரேகா.